காயம்பட்ட வீட்டிலிருந்து ஒரு சாட்சி

(‘பேராயர் கால்டுவெல் தமிழருக்குத் தந்தது பெரிதும் பெருமையா? காயமா?’ என்ற பட்டிமன்றத்தில் ‘பெருமையே’ அணியின் நிறைவுப் பேச்சு. இடம்: கோயமுத்தூர்)

அன்புக்குரிய நடுவர் அவர்களே! என் அணித் தோழர்களே! நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே குறிப்பெடுக்க ஆரம்பித்துவிட்ட எதிரணி வக்கீல் நண்பரே! (சிரிப்பு) கோவை மாநகரத்துப் பெரியவர்களே, தாய்மார்களே, சாப்பாட்டுத் தட்டைக் கையில வெச்சுக்கிட்டு டி.வி. முன்னால உட்கார்ந்திருக்கிற குடும்பத்தாரே!

நடுவர் அய்யா என்னைக் கூப்பிடும்போது ‘பொள்ளாச்சித் தமிழம்மா’ என்று சொன்னார். பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. என் பாட்டையா, அதாவது அப்பாவைப் பெற்றவர், பிறந்தது பொள்ளாச்சியில் இல்லைங்க. திருநெல்வேலிச் சீமையில், செம்மண் தேரிக்காட்டு ஓரத்தில், இடையன்குடிக்குப் பக்கத்து ஊர். பனையேறிக் குடும்பம். பிழைப்புத் தேடி வடக்கே வந்து, பொள்ளாச்சிச் சந்தையில் கருப்பட்டி விற்று, அப்புறம் ஒரு சின்ன மளிகைக் கடை போட்டு நிலைச்சவர். அதனால எங்க வீட்டுல ரெண்டு தமிழ். வீட்டுக்குள்ள ‘ஏலே, இங்க வாலே!’ வாசப்படி தாண்டிக் கடைக்கு வந்துட்டா ‘ஏனுங்க, வாங்க, என்னுங்க வேணும்?’ (சிரிப்பு, கைதட்டல்)

இதை ஏன் சொல்றேன்னா, எதிரணி வக்கீல் நண்பர் இருபது நிமிஷம் ‘காயம், காயம்’ என்று பேசினார். கட்டைப் பிரித்துப் பிரித்துக் காட்டினார். அய்யா, நீங்க பிரிச்சுக் காட்டின புண்ணு என் கால்ல இருக்கிற புண்ணுங்க! 1849-இல் கால்டுவெல் எழுதின அந்தப் புத்தகம் என்னைப் பெற்றவர்களைப் பற்றித்தான். அந்தக் காலத்தில் எங்களுக்கு வழங்கின பேரைத்தான் அட்டையிலேயே போட்டிருந்தார். அந்தப் பேரை நான் இந்த மேடையில் சொல்லப் போறதில்லை. அந்தப் புண்ணோடவே நின்னு, ‘பெருமையே’ என்று வாதாட வந்திருக்கிறேன். (கைதட்டல்)

கால்டுவெல் யார் என்று என் அணித் தலைவர் விரிவாகச் சொல்லிவிட்டார். விட்டுப்போன ரெண்டொரு விஷயம் மட்டும் சொல்றேன். 1814-இல் அயர்லாந்தில் பிறந்தவர். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். சித்திரம் கற்றவர், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1838 ஜனவரியில் சென்னையில் வந்து இறங்கும்போது அவருக்கு 23 வயசு. இந்தக் காலத்துப் பையன் அந்த வயசுல லைசென்ஸ் எடுக்கவே அப்பாவைத் துணைக்குக் கூட்டிக்கிட்டுப் போறான்! (சிரிப்பு) 1841-இல் சென்னையிலிருந்து தெற்கே நடந்தே கிளம்பினார். குதிரை வண்டி கிடைக்காமல் இல்லை. ஜனங்களைப் பார்க்கணும், அவர்கள் பேச்சைக் கேட்கணும் என்று நடந்தார். நேரே திருநெல்வேலிக்கும் போகலை. சோழநாட்டுப் பக்கம் சுற்றி, நீலகிரிக்கு ஏறி, இறங்கி, மதுரை வழியாகப் போனார். திருச்சிப் பக்கமிருந்து நீலகிரிக்குப் போகிறவன் நம்ம கொங்குச் சீமையை மிதிக்காமல் போக முடியுமா? முதல் முதலாக ‘ஏனுங்க’ என்ற சொல்லைக் கேட்டு அந்த மனுஷன் என்ன குறிப்பு எழுதிக்கிட்டாரோ! (சிரிப்பு)

அந்த வருஷக் கடைசியில் இடையன்குடி வந்து சேர்ந்தார். ரோடு கிடையாது, மழை கிடையாது. காத்தடிச்சா மணல்மேடு இடம் மாறும். 1844-இல் நாகர்கோவிலில் எலைசா மால்ட் என்ற அம்மாவைக் கல்யாணம் பண்ணினார். அந்த அம்மா நாகர்கோவில் மிஷனரியின் மகள். வீட்டுக்காரரைவிட நல்லாத் தமிழ் பேசுவாங்களாம். எந்த வீட்டுலதான் அப்படியில்லை? (சிரிப்பு) 1877-இல் திருநெல்வேலிப் பகுதிக்கு உதவிப் பேராயர் ஆனார். 1891 ஆகஸ்டு 28-இல் கொடைக்கானலில் இறந்தார். உடலை மலையிலிருந்து இறக்கி இடையன்குடிக்குக் கொண்டுவந்து, அவர் கட்டின கோயிலுக்குள்ளேயே அடக்கம் பண்ணினார்கள். இந்த நாட்டில் 53 வருஷம்.

சரி, இப்போ புண்ணுக்கு வருவோம்.

1849-இல் அவருக்கு 35 வயசு. இடையன்குடிக்கு வந்து எட்டு வருஷம். ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். சென்னையில் அச்சாயிற்று, அடுத்த வருஷம் லண்டனிலும் அச்சாயிற்று. எங்க ஜனங்களைப் பற்றி என்ன எழுதினார்? அறிவில் மந்தம், கும்பிடுவது பேயை, இலங்கையிலிருந்து வந்து குடியேறினவர்கள் என்று இந்த வகையில் போகிறது புத்தகம். யார் படிக்க எழுதினார்? நாங்க படிக்க இல்லைங்க. சீமையில் உட்கார்ந்து மிஷனுக்குக் காணிக்கை கொடுக்கிற பெரிய மனுஷங்க படிக்க. ‘பாருங்கள், இப்படிப்பட்ட ஜனங்களுக்கு நடுவில் நாங்கள் ஊழியம் செய்கிறோம், உதவி அனுப்புங்கள்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் அந்த ஜனங்களை எவ்வளவு தாழ்வாகக் காட்டுகிறோமோ அவ்வளவு நல்லது. இது அந்தக் கால மிஷன் எழுத்தின் வழக்கம். வழக்கம் என்பதால் சரியாகிவிடாது. தப்பு தப்புதான். அதுக்கு நான் வக்காலத்து வாங்க வரலை. வக்காலத்து வாங்குற உத்தியோகம் எதிரணிக்காரருடையது. (சிரிப்பு)

எனக்கு இது எப்போ தெரிஞ்சதுன்னு சொல்றனுங்க. நான் எட்டாவது படிக்கிறப்ப கட்டுரைப் போட்டியில ஒரு புத்தகம் பரிசா வந்தது. ரா.பி. சேதுப்பிள்ளை எழுதின ‘கால்டுவெல் ஐயர் சரிதம்’. கடை வாசல்ல, புளி மூட்டை மேல உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிச்சுக்கிட்டிருந்தேன். பாட்டையா கல்லாவுல இருந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கணக்கெல்லாம் மனசுலதான்.

‘‘யாரைப் பத்திட்டி வாசிக்க?’’ன்னு கேட்டார்.

‘‘கால்டுவெல் ஐயரைப் பத்தி, பாட்டையா. நம்ம இடையன்குடியிலதான் இருந்தாராம்.’’

‘‘அவரா! நமக்கெல்லாம் மூளையே கெடையாதுன்னு எழுதி வச்ச மனுசம்லா அவரு!’’

எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சுங்க. அந்தப் புத்தகத்தை அவர் கண்ணால பார்த்ததில்லை. இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. அச்சாகி நூத்திருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. நானூறு கிலோமீட்டர் தள்ளி, பொள்ளாச்சியில, கருப்பட்டி வாசனைக்கு நடுவுல உட்கார்ந்திருக்கிற ஒரு கிழவருக்கு அந்த வார்த்தை வந்து சேர்ந்திருக்கு! எழுதினவனுக்கு ஒரு நிமிஷ வேலை. பட்டவனுக்கு நாலு தலைமுறை.

நான் புத்தகத்தை மூடிட்டேன். அப்புறம் அவரே ரெண்டு பொட்டலம் கட்டிக் கொடுத்துட்டு, என்னைப் பார்க்காம சொன்னார்: ‘‘எங்கம்மைக்கு எழுத்து சொல்லிக் குடுத்ததும் அந்த வீட்டுப் பள்ளிக்கொடந்தான். நீ வாசி.’’

(நீண்ட கைதட்டல்)

பாட்டையாவோட அம்மா சின்னப் பிள்ளையா இருந்தப்ப, இடையன்குடியில் எலைசா அம்மா நடத்தின பெண்கள் பள்ளிக்கூடத்துல படிச்சவங்க. அந்த அம்மா பெண்களுக்கு லேஸ் பின்னக் கத்துக்கொடுத்தாங்க. உளுந்து புடைக்கிற கை, பதநீர் காய்ச்சுற கை, நூல்ல பூப்பின்னல் போட்டுத் தன் சம்பாத்தியம்னு நாலு காசு பார்த்தது. அவங்க பின்னின ஒரு முழ லேஸ் எங்க டிரங்குப் பெட்டியில இன்னிக்கும் இருக்கு. எங்க குடும்பத்துல பாதிப்பேர் வேதக்காரங்க, பாதிப்பேர் அம்மன் கொடைக்குப் போறவங்க. அந்த லேஸ் மேல ரெண்டு பாதிக்கும் உரிமை உண்டு, சண்டையும் உண்டு. (சிரிப்பு) எங்க வம்சத்துல பேனா பிடிச்ச முதல் பொம்பளை அவங்கதான். ஒரே வீட்டிலிருந்து ஏச்சும் வந்தது, எழுத்தும் வந்தது. எது பெரிசு என்பதுதானே நடுவர் அய்யா நமக்குக் கொடுத்த கேள்வி?

ஒரு ஆளை மறுபடி எடை போடுவதென்றால் அவர் எழுதினதை முழுசாகப் படிக்க வேண்டும். இதுக்கு ஒரு பழைய பேராயரின் கதை இருக்கு. கிறிஸ்தவ சபையின் ஆதி காலத்தில், 428-இல் கான்ஸ்டாண்டிநோபிளுக்குப் பேராயராக வந்தவர் நெஸ்டோரியஸ். மரியாளை ‘கடவுளின் தாய்’ என்று அழைப்பது பற்றி வந்த வாக்குவாதத்தில், 431-இல் எபேசு சங்கம் கூடி அவரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டது. எழுதினதையெல்லாம் எரிக்கச் சொன்னது அரசாங்கம். எகிப்துப் பாலைவனப் பக்கம் நாடு கடத்தப்பட்டு அங்கேயே செத்துப்போனார். அதுக்கப்புறம் ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு மேல, அவர் என்ன சொன்னார் என்பதை அவருடைய எதிரிகள் எடுத்துக்காட்டின துண்டுகளை வைத்துத்தான் பெரும்பாலும் உலகம் தெரிந்துகொண்டது. 19-ஆம் நூற்றாண்டு முடிவில் அவர் எழுதின ஒரு பெரிய புத்தகம் சிரியாக் மொழியில் கிடைத்தது. 1910-இல் அச்சானது. படித்துப் பார்த்த அறிஞர்களில் பலர், ‘இவர் தலையில் கட்டின குற்றம் முழுசாக இவருடையது இல்லை போலிருக்கிறதே’ என்று யோசித்தார்கள். இது ஏதோ தூரதேசத்துக் கதைன்னு நினைக்காதீங்க. அவரை மரியாதையாக நினைக்கிற சபை ஒன்று பாலக்காட்டுக் கணவாய் தாண்டி, திருச்சூரில் இன்னிக்கும் இருக்கிறது. நம்ம ஊரிலிருந்து மூணு மணி நேரப் பஸ் பயணம்.

நெஸ்டோரியஸுக்காவது புத்தகம் எரிந்துபோச்சு, அதனால் படிக்க முடியலை. கால்டுவெல் எழுதினதெல்லாம் கையில் இருக்கு. இருந்தும் நாம் படிக்கிறதில்லை! ஒரு கூட்டம் சிலைக்கு மாலை போடுது, ஒரு கூட்டம் ரெண்டு வரியை எடுத்து வெச்சுக்கிட்டு வையுது. எதிரணி நண்பர் நூலைக் கையில் தூக்கிக் காட்டினார். பார்த்தேன், பக்கமெல்லாம் ஒட்டினபடியே இருக்கு. பிரிக்கவே இல்லை! (பலத்த சிரிப்பு)

கோவிச்சுக்காதீங்க அய்யா, இப்ப நான் பிரிக்கிறேன். ஏழு வருஷம் கழித்து, 1856-இல், அதே கால்டுவெல் எழுதினது ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’. அதுக்கு முன்னால் நிலைமை என்ன? 1786-இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் என்ற நீதிபதி, சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று சொன்னார். உலகமே ஆச்சரியப்பட்டது. அந்த ஆச்சரியத்தில், இந்தியாவில் உள்ள எல்லா மொழியுமே சமஸ்கிருதத்தின் பிள்ளைகள்தான் என்று பெரிய பெரிய வெள்ளைக்காரப் பண்டிதர்களே எழுதிவிட்டார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் எல்லாம் அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகள் என்று கணக்கு.

கால்டுவெல் என்ன பண்ணினார்? சொல்லை மட்டும் பார்க்கலை. சொல்லைக் கடன் வாங்கலாம். பக்கத்து வீட்டுல சர்க்கரை வாங்குற மாதிரி. (சிரிப்பு) இலக்கணத்தைக் கடன் வாங்க முடியாது. எண்ணுப்பேர், நான்-நீ என்கிற பேர், வினைச்சொல் முடிகிற விதம், ஒலி மாறுகிற ஒழுங்கு, இதையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தார்.

இதுக்கு உதாரணம் தேட லண்டனுக்குப் போக வேண்டாமுங்க. நம்ம கோயமுத்தூரே போதும். பீளமேட்டுப் பக்கம் தெலுங்கு பேசுற நாயுடு வீடுகள். சிறுமுகையில் தறி போடுற தேவாங்கர் வீடுகளில் கன்னடம். உக்கடத்துல பாலக்காட்டு பஸ்ஸிலிருந்து இறங்குறவங்க வாயில மலையாளம். சந்தையில நாலு பேரும் ஒரே கடையில நின்னு விலை பேசுறாங்க. ‘நான்’ என்கிறோம் நாம். மலையாளத்தார் ‘ஞான்’. கன்னடக்காரர் ‘நானு’. தெலுங்குக்காரர் ‘நேனு’. நமக்கு மூணு, மலையாளத்துக்கு மூந்நு, கன்னடத்துக்கு மூரு, தெலுங்குக்கு மூடு. இது காது கேட்கிற யாருக்கும் தெரியும்.

ஆனா கன்னடக்காரர் ‘ஹத்து’ என்றால்? ‘ஹாலு’ என்றால்? ‘ஹுலி’ என்றால்? முழிக்கிறோம். அங்கேதான் ஒழுங்கு இருக்கிறது. நம்ம ‘ப’ அங்கே ‘ஹ’. பத்து, ஹத்து. பால், ஹாலு. புலி, ஹுலி. பல், ஹல்லு. பூ, ஹூவு. பன்றி, ஹந்தி. ஒண்ணு ரெண்டு சொல்லுன்னா தற்செயல்னு தள்ளலாம். இது வரிசையா வருதே! பழைய கன்னடத்தில் அதுவும் ‘ப’வாகத்தான் இருந்தது. பின்னால் மாறினது. ஒரு தாய் வயித்துப் பிள்ளைகள், வேற வேற ஊர்ல குடித்தனம் போனதால பேச்சு கொஞ்சம் மாறிப்போச்சு. எங்க வீட்டு ‘ஏலே’யும் ‘ஏனுங்க’வும் மாதிரி. (கைதட்டல்)

தமிழ் சமஸ்கிருதத்தின் துணை இல்லாமலே தனித்து நின்று வளர முடியும் என்று வாதாடினார். வெறும் அபிமானத்தில் சொல்லவில்லை. ஆதாரத்தை அடுக்கி, ஒரு விஞ்ஞானி மாதிரி சொன்னார். 1875-இல் திருத்தி, விரித்து இரண்டாம் பதிப்புப் போட்டார். அதில் பன்னிரண்டு மொழி. ஆறு இலக்கிய மொழிகளோடு, எழுத்தே இல்லாத ஆறு மலைமொழிகளையும் சமமாக உட்கார வைத்தார். அந்த ஆறில் ரெண்டு நம்ம தலைக்கு மேலே நீலகிரியில் இருக்கிற தோடர், கோத்தர் மொழிகள். மேட்டுப்பாளையத்தில் இறங்கி வந்து சாமான் வாங்கிப் போகிற அவர்கள் பேச்சும் நம்ம பேச்சும் ஒரே குடும்பம் என்று சொன்ன அந்தக் கையைத்தான், ‘ஜனங்களைத் தாழ்த்தின கை’ என்று மட்டும் சொல்லி நிறுத்தப் பார்க்கிறார் எதிரணி நண்பர்.

இன்னொரு சங்கதியும் சொல்றேன். இரண்டாம் பதிப்பின் பின்னால் ஒரு பகுதி வரும். பறையர் சமூகத்து மக்கள் திராவிடரா என்று கேள்வி போட்டு, ஆமாம், அவர்களும் திராவிடரே என்று வாதாடுவார். தோடரைப் பற்றியும் அப்படியே. அவர் இறந்து 22 வருஷம் கழித்து 1913-இல் மூன்றாம் பதிப்பு வந்தது. அதில் இந்தப் பகுதிகள் காணோம்! பதிப்பித்தவர்கள் எடுத்துவிட்டார்கள். அந்த வெட்டுப்பட்ட பதிப்பைத்தான் பல தலைமுறை படித்தது. முழுப் பாடம் 2008-இல்தான் மறுபடி அச்சாகி வந்தது. ‘கால்டுவெல் யாரைச் சேர்த்தார், யாரை விட்டார்’ என்று பேசுகிறவர்கள் முதலில் எந்தப் பதிப்பைப் படித்தார்கள் என்று சொல்லட்டும். (கைதட்டல்)

எதிரணிப் பேராசிரியர் அம்மா மூன்று குறை சொன்னாங்க. நியாயமான அம்மா. முதல் குறை, இந்த உண்மையை 1816-லேயே எல்லிஸ் துரை சொல்லிவிட்டார், கால்டுவெல் அவருக்கு உரிய பேரைக் கொடுக்கவில்லை என்பது. ஒத்துக்கறேன். எல்லிஸ் சென்னைக் கலெக்டர். தெலுங்கு இலக்கணப் புத்தகம் ஒன்றுக்கு முன்னுரையாக அதை எழுதினார். 1819-இல் இராமநாதபுரத்தில் அகாலமாக இறந்துபோனார். கால்டுவெல் இன்னும் தாராளமாகச் சொல்லியிருக்கலாம். கதவு இருக்கிற இடத்தைக் காட்டினவர் எல்லிஸ். அதைத் திறந்து உள்ளே போய் அறை அறையாக விளக்கேற்றினவர் கால்டுவெல்.

ரெண்டாவது, தமிழ் இலக்கியத்துக்கு ரொம்பப் பிந்தின காலம் குறித்துவிட்டார் என்பது. ஆமாம், தப்பாகத்தான் குறித்தார். ஆனா யோசிச்சுப் பாருங்கம்மா. கலித்தொகையைச் சி.வை. தாமோதரம் பிள்ளை அச்சிட்டது 1887. பத்துப்பாட்டை உ.வே. சாமிநாதையர் கொண்டுவந்தது 1889. சிலப்பதிகாரம் 1892. புறநானூறு 1894. கால்டுவெல் கண்ணை மூடினது 1891. சங்க இலக்கியம் ஏட்டுச்சுவடியில், யார் யார் வீட்டுப் பரணிலேயோ கிடந்த காலத்தில் அவர் எழுதினார். நம்ம சொத்துப் பத்திரத்தை நாமே பரணில் போட்டுட்டு, ‘சொத்துக் கணக்கைக் குறைச்சு எழுதிட்டான்’னு வெளியூர்க்காரனைக் குத்தம் சொல்றது என்ன நியாயம்? (பலத்த கைதட்டல்) அந்த மனுஷன் கொற்கையில் மண்ணையே தோண்டிப் பார்த்தவர். அதே கொற்கையில் தமிழகத் தொல்லியல் துறை 1968-லும் தோண்டியது, 2021-லும் தோண்டியது.

மூன்றாவது, நம்ம மொழிகளைச் சித்திய மொழிகளோடு, அதாவது வடக்கே துருக்கி, பின்லாந்துப் பக்கத்து மொழிக் கூட்டத்தோடு உறவு சொன்னார் என்பது. அதை இன்றைய மொழியறிஞர்கள் ஏற்கவில்லை. விட்டுத் தள்ளலாம். ஒரு மாமரத்துல நாலு காய் வெம்பினா மரத்தையா வெட்டறோம்?

‘மதம் பரப்ப வந்தவர்தானே’ என்று வக்கீல் அய்யா ஒரு போடு போட்டார். ஆமாம், அதுக்குத்தான் வந்தார். மறைக்கவே இல்லையே! பைபிள் மொழிபெயர்ப்பைத் திருத்தின குழுவிலும் இருந்தார். அதுக்காக ஹத்தும் பத்தும் ஒண்ணு இல்லைன்னு ஆயிடுமா? அந்த இலக்கண நூல் சரியா தப்பா என்பதை அதிலிருக்கிற ஆதாரம் சொல்லும். எழுதினவர் ஞாயிற்றுக்கிழமை எங்கே போனார் என்பது சொல்லாது. (சிரிப்பு)

மணி அடிச்சிட்டீங்களா அய்யா? இன்னும் ரெண்டு நிமிஷம் கொடுங்க. இவ்வளவு நேரம் மொழியைப் பற்றிப் பேசிவிட்டேன், என் வீட்டைப் பற்றிப் பேசாமல் இறங்க முடியாது.

எங்க ஜனங்க அந்த 1849 புத்தகத்தை வாங்கிக்கிட்டுச் சும்மா இருந்தாங்கன்னு நினைக்கிறீங்களா? இல்லை. முப்பது வருஷம் போனது. மிஷன் பள்ளிக்கூடங்களில் ஒரு தலைமுறை இங்கிலீஷ் படிச்சு வெளியே வந்தது. சீமைக்காரன் படிக்கட்டும்னு எழுதினதை, யாரைப் பற்றி எழுதினாரோ அவர்களே எடுத்துப் படிச்சாங்க. படிச்சதும் கொதிச்சுப்போச்சு. 1880-களில் மறுப்புப் புத்தகங்கள், மனுக்கள், கண்டனங்கள். ஞானமுத்து நாடார் போன்றவர்கள் இங்கிலீஷிலேயே பதில் எழுதினார்கள். கால்டுவெல் பேராயராக, பெரிய ஆளாக, 70 வயசுக் கிழவராக இருக்கும்போது அந்தக் கோபத்தை நேருக்கு நேர் சந்தித்தார். ‘மந்த அறிவு’ என்று எழுதினவருக்கு, அவருடைய மொழியிலேயே, அவருடைய சபைக்கே பதில் எழுதினாங்களே, அது யாருங்க? எங்க ஆளுங்க! அந்தப் புத்தகத்துக்கு இதைவிடப் பெரிய மறுப்பு வேற வேணுமா? அந்தப் பதிலை எழுதின இங்கிலீஷ் எந்தப் பள்ளிக்கூடத்து வழியாக வந்தது? அங்கேதான் என் அணி நிற்கிறது அய்யா. (கைதட்டல்)

1968-இல் மெரினாவில் சிலை வைத்தார்கள். 2010 மே மாதம் தபால்தலை வந்தது. அதற்கு அடுத்த மாசம் நம்ம கொடிசியாவில் செம்மொழி மாநாடு நடந்ததை நீங்க எல்லாம் பார்த்தீங்க. 2011-இல் இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீட்டை அரசாங்கம் நினைவு இல்லமாக்கியது. அந்தச் செய்தியைப் பேப்பரில் பார்த்துவிட்டு எங்கப்பா கேட்டார், ‘‘போயிட்டு வரலாமா கண்ணு?’’ என்று. அப்போ அவருக்கு 78 வயசு. பாட்டையா ஊரை அவர் நல்லாப் பார்த்ததே இல்லை. கூட்டிக்கிட்டுப் போனேன்.

வீட்டைப் பார்த்தார், ஒண்ணும் பேசலை. கோயிலுக்கு வந்தோம். பெரிய கல்கட்டடம். உள்ளே வரலைன்னுட்டார். வாசல்லயே நின்னார். நான் போய்ப் பார்த்துட்டு வந்தேன். ‘‘1847-ல அஸ்திவாரம் போட்டு 1880-லதான் முடிச்சாங்களாம்ப்பா. பீடத்துக்குக் கீழேதான் அவரை அடக்கம் பண்ணியிருக்கு’’ன்னு சொன்னேன்.

‘‘முப்பத்துமூணு வருஷமா?’’ என்றார். ‘‘அவர் ஒருத்தரா கல்லுத் தூக்கினாரு? யாரு கட்டினது?’’

‘‘இந்த ஊர்க்காரங்கதானேப்பா.’’

‘‘அப்போ எங்க தாத்தன்மாரெல்லாம் தூக்கியிருப்பாங்க’’ என்றார். செருப்பைக் கழட்டி வெச்சுட்டு, சுவரை ஒட்டினாப்புல ஒரு சுத்து நடந்தார். அங்கங்கே கல்லைத் தட்டித் தட்டிப் பார்த்தார், கடையில தேங்காயைத் தட்டிப் பார்க்கிற மாதிரி. அப்புறம் உள்ளே வந்தார்.

மணி அடிச்சிட்டீங்க அய்யா.

(நீண்ட கைதட்டல்)